இது வெங்காயம் அல்ல

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் ஆகஸ்டு பாதியிலிருந்து நவம்பர் வரை ஒரு காகிதப் பை இருக்கும். அதன்மேல் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், "இது வெங்காயம் அல்ல" என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுத வைத்தவர் என் மாமியார்.

முதல் வருடம் அந்தப் பையில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு நாள் காலை சாம்பாருக்கு வெங்காயம் தேடியவர், அதிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்துவிட்டார். பிளந்தவர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இது என்ன வெங்காயம்? கண்ணும் எரியவில்லை, வாசனையும் இல்லை." நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் என் கையில்தான் வெட்டு விழுந்தது.

அது நர்கிஸ் குடும்பத்துக் கிழங்கு. ஆங்கிலத்தில் டாஃபடில் என்பார்கள், தாவரவியலில் நார்சிசஸ். அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. செடி முழுவதும் உண்டு என்றாலும் கிழங்கில்தான் அதிகம். தின்றால் குடலைப் புரட்டி எடுக்கும் வாந்தி. போதாததற்கு ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் உண்டு. அவை சேனைக்கிழங்கு அரிப்பதைப் போலத் தொண்டையைக் குத்தும். உலகத்தில் பல வீடுகளில் இதை வெங்காயம் என்று நினைத்துச் சமைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அத்தையின் மீது குற்றம் சொல்ல முடியாது. வெங்காயம், பூண்டு, நர்கிஸ் மூன்றையும் தாவரவியலாளர்களே இப்போது ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பங்காளிகளைப் பிரித்தறிய அவரிடம் இருந்தது மூக்கு மட்டும்தான். அது சரியாக வேலை செய்தது.

நாங்கள் இருப்பது தேன்கனிக்கோட்டைக்கு வெளியே, தளிக்குப் போகும் பக்கம். வீட்டைச் சுற்றி நாற்பது சென்ட் செம்மண். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலே மாம்பழமும் வெயிலும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மாவட்டத்தின் கீழ்ப்பாதிக்கு அது சரி. கிருஷ்ணகிரியிலிருந்து சாலை ஏறி ஏறி ஓசூருக்கு வந்தால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தளிப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேடு. மார்கழி விடியலில் வாயைத் திறந்தால் புகை வரும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்று கூப்பிட்டார்களாம். அந்தப் பெயரை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

டாஃபடில் என்றதும் பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த ஆங்கிலப் பாட்டு உங்களுக்கு நினைவு வந்திருக்கும். பூவையே பார்க்காமல் நாலு பத்தியை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய தலைமுறைதான் நானும். அந்தப் பாட்டை இங்கே இழுக்கப் போவதில்லை. எனக்கு அந்தப் பூவின் மீது ஆசை வந்தது ஸ்ரீநகரில். ஒரு மார்ச் மாதக் கடைசியில் குடும்பத்தோடு போயிருந்தோம். எல்லோரும் துலிப் தோட்டத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்க, வெளியே ஒரு பையன் சின்னச் சின்னக் கட்டாகப் பூ விற்றுக்கொண்டிருந்தான். ஒரு தண்டில் ஐந்தாறு பூக்கள். வெள்ளை இதழ்கள், நடுவில் குங்குமச் சிமிழ் அளவுக்குக்கூட இல்லாத ஒரு மஞ்சள் கிண்ணம். அங்கே அதை யெம்பர்ஸல் என்கிறார்கள், உருதுவில் நர்கிஸ். ஒரு கட்டு வாங்கி ஓட்டல் அறையில் தண்ணீர்த் தம்ளரில் வைத்தேன். விடிய விடிய அறை முழுவதும் மணம். மல்லிகையின் ஒரு பக்கமும் அடுப்படியில் கொதிக்கும் தேனின் ஒரு பக்கமும் சேர்ந்த மாதிரி. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த மணம் மூக்கில் இருந்தது.

தேடிப் படித்தபோது இரண்டு சாதிகள் தெரியவந்தன. ஒன்று ஜான்குவில். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் தாய்மண். இலை உருண்டையாக, கோரைப்புல் மாதிரி இருக்கும். கோரைக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், நல்ல மஞ்சள், சின்னப் பூ, ஆனால் பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் தைலக்காரர்கள் தேடி வாங்கும் மணம். இன்னொன்று நான் ஸ்ரீநகரில் பார்த்த கொத்துப்பூ நர்கிஸ், டாசெட்டா என்பார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் பிறந்து பாரசீகம், காஷ்மீர், சீனா, ஜப்பான் வரை மனிதர் கையோடு நடந்தே போனது. சீனர்கள் இதைக் கூழாங்கல் போட்ட கிண்ணத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்த்து, தங்கள் புத்தாண்டுக்குப் பூக்க வைக்கிறார்கள். அந்தப் பாட்டில் வரும் காட்டு டாஃபடிலுக்கு இந்த இரண்டின் மணத்தில் பாதிகூடக் கிடையாது.

எனக்கு மஞ்சள்தான் வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்றால் பதில் இல்லை.

முதலில் இணையத்தில் ஒரு கடையில் பத்துக் கிழங்கு வாங்கினேன். படத்தில் பொன் மஞ்சள் டாஃபடில். வந்ததோ சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்கு. நம்பி நட்டேன். புல் மாதிரி இலை வந்தது. ஆகா, கோரை இலை, ஜான்குவில்தான் என்று பூரித்துப்போனேன். ஜூன் மாதம் முதல் மழை பெய்த நாலாம் நாள் பத்தும் ஒன்றாகப் பூத்தன, இளஞ்சிவப்பில். எல்லா வீட்டுத் தொட்டியிலும் இருக்கும் ரெயின் லில்லி. அதுவும் இதே குடும்பம்தான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இன்றும் வேலியோரம் அவை ஒவ்வொரு மழைக்கும் பூத்து என்னைக் கேலி செய்கின்றன.

பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் இமாச்சலத்திலிருந்து உண்மையான ஜான்குவில் பன்னிரண்டு கிழங்குகள் வந்தன. இங்கேதான் ஃபிரிட்ஜ் கதை தொடங்குகிறது. ஜான்குவில் போன்றவற்றின் பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. ஆனால் அந்த மொட்டு தண்டை நீட்டிக்கொண்டு வெளியே வர வேண்டுமென்றால், பன்னிரண்டு முதல் பதினாறு வாரம், ஒன்பது டிகிரிக்கும் கீழே குளிர் வேண்டும். குளிர் போதாவிட்டால் இலை மட்டும் வரும், அல்லது மொட்டு மண்ணோடு ஒட்டியபடி கருகிப்போகும். எங்கள் ஊர்க் குளிர் விடியற்காலையில் மட்டும்தான். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். குட்டி இங்கிலாந்துக்கு அவ்வளவுதான் முடியும். ஆகவே ஃபிரிட்ஜ்.

ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பக்கத்தில் பழம் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது கிழங்குக்குள் உறங்கும் மொட்டைக் கொன்றுவிடும். பழங்கள் தாமே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்று 1934இல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேயர் நிரூபித்தார். 2 கொய்யாவையும் 4 ஆப்பிளையும் நான் ஃபிரிட்ஜிலிருந்து வெளியேற்றியபோது அத்தையிடம் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "பழம் வைக்க முடியாத ஃபிரிட்ஜ் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றரை மாதம் எங்கள் வீட்டில் கொய்யா சமையல் மேடையில்தான் கிடந்தது.

ஒன்று அரிவாள்மனைக்குப் போனது போக மீதி பதினொன்று. நவம்பர் கடைசியில் பாத்தி கட்டினேன். செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மணல், நன்றாக மட்கிய தொழு உரம், ஒரு கை சாம்பல். கிழங்கின் உயரத்தைப்போல இரண்டரை மடங்கு ஆழம். பிப்ரவரி முழுவதும் தினமும் குனிந்து குனிந்து பார்த்தேன். ஓசூர்ப் பண்ணைகளிலிருந்து காதலர் தினத்துக்கு ரோஜா லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. என் பாத்தியில் பதினொரு கட்டுக் கோரை. மார்ச் முதல் வாரம் ஒரே ஒரு கிழங்கு இரண்டு பூ பூத்தது. ஒரு ரூபாய்க் காசு அகலம். மண்டியிட்டு முகர்ந்தேன். மணம் நிஜமாகவே இருந்தது. இரண்டாம் நாள் பகலில் வெயிலில் வதங்கி, காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வருடம் அதுவும் இல்லை. குளிரை மட்டும் கணக்குப் போட்ட நான் மழையை மறந்துவிட்டேன். இதன் தாய்மண்ணில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். கிழங்கு உறங்குவது அந்தக் காய்ச்சலில். நமக்கு நேர்மாறு. இது உறங்க வேண்டிய ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் எங்கள் பக்கம் மழை. ஈரமும் வெம்மையும் சேர்ந்தால் உறங்கும் கிழங்கு அழுகும். மண்ணிலேயே விட்டுவைத்ததில் ஐந்தைத் தோண்டியபோது விரலில் கூழாகத்தான் வந்தது. வெங்காயம் அழுகினால் வரும் அதே நாற்றம், இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல். எஞ்சியவற்றை ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். அவை ஒவ்வொரு பிப்ரவரியிலும் இலையை மட்டும் காட்டுகின்றன.

இதற்கிடையில் என் கணவரின் நண்பர் ஒருவர் காஷ்மீரிலிருந்து திரும்பும்போது, நான் கேட்காமலே, ஒரு வலைப்பையில் வெள்ளை நர்கிஸ் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். பதினைந்து இருக்கும். அது மே மாதம். ஜான்குவில் பைத்தியத்தில் இருந்த நான், ஈரம் படாத இடமாக இருந்தால் போதும் என்று அந்தப் பையை வீட்டின் பின்கட்டு அறையில் பரணில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோனேன்.

அந்த அறை மாம்பழ அறை. காவேரிப்பட்டணத்தில் நாத்தனாருக்குத் தோப்பு இருக்கிறது. மே, ஜூனில் செந்தூராவும் அல்போன்சாவும் கூடை கூடையாக வரும். கிளிமூக்கு மட்டும் கூழ்த் தொழிற்சாலைக்குப் போய்விடும். அத்தை தரையில் வைக்கோலைப் பரப்பி, காய்களை அடுக்கி, மேலே வைக்கோலைப் போர்த்துவார். ஊர்த் திருவிழாவுக்கு வாழைத்தார் வந்தால் அதையும் அங்கேயே வைத்து மூட்டம் போடுவார். ஒரு மண்பானையில் தேங்காய் நார், அதன்மேல் இரண்டு நெருப்புக் கங்கு, பானை வாயிலிருந்து புகை அறைக்குள் பரவும்படி ஊதிவிட்டு, கதவை இறுக்கிச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணிப்பது. கல் வைத்துப் பழுக்க வைப்பது, அதாவது கார்பைட் கல், சட்டப்படி தடை செய்யப்பட்டது. அத்தைக்குச் சட்டம் தெரியாது. "கல்லில் பழுத்தது நாக்கில் பேசாது" என்பார், அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஏணி போட்டு ஏறியவள், அந்த வலைப்பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டுக் கூரையின் சூடு, நாலு மாதம். கீழே நூற்றுக்கணக்கான மாம்பழங்கள் விட்ட வாயு. மேலே இரண்டு தடவை புகை. நான் கொய்யாவை ஃபிரிட்ஜிலிருந்து விரட்டியது எதற்காகவோ, அதெல்லாம் இங்கே மூட்டை மூட்டையாக நடந்திருக்கிறது. கிழங்குகள் வெளியே கருத்திருந்தன, வற்றலாகிவிட்ட மாதிரி தெரிந்தது. எறிய மனம் வராமல் நவம்பரில் வேலியோரம் ஒரு வரிசை குத்திவிட்டேன். மணல் கலக்கவில்லை, உரம் போடவில்லை.

மார்கழி இருபதைத் தாண்டியிருக்கும். காலையில் கோலம் போட வாசலுக்குப் போன அத்தை திரும்பி வந்து, "யார் வீட்டிலோ மல்லிகை பூத்திருக்கிறது, இந்தக் குளிரில்" என்றார். அது எங்கள் வேலியோரம்தான். பதினைந்தில் பதினொன்று தண்டு விட்டிருந்தன. பொங்கலன்று ஒவ்வொரு தண்டிலும் ஆறு, ஏழு பூ.

அதன்பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, டாசெட்டாவைப் பற்றிச் சரியாகப் படித்தேன். ஜான்குவிலுக்குச் சொன்னதெல்லாம் இதற்குத் தலைகீழ். இதன் மொட்டு உருவாவதே இலை காய்ந்த பிறகு, கோடைச் சூட்டில், இருபத்தைந்து முப்பது டிகிரியில். ஃபிரிட்ஜ் குளிர் இதற்குத் தேவையில்லை. எங்கள் பரண் இதற்காகவே கட்டியது மாதிரி. அதைவிட வியப்பு புகை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் சில்லி தீவுகள் என்று இருக்கின்றன. அங்கே இந்தக் கொத்துப்பூ வகையைப் பயிரிடுகிறவர்கள், கிறிஸ்துமஸ் சந்தைக்கு முன்கூட்டியே பூக்க வைப்பதற்காக வயலின் மேல் வைக்கோலை எரிக்கிறார்கள், பாலித்தீன் விரிப்புக்குக் கீழே புகையைச் செலுத்துகிறார்கள். புகையில் இருக்கும் எத்திலீன்தான் கிழங்கை எழுப்புகிறது. ஜப்பானிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் விவசாயிகள் மாமரத்துக்கு அடியில் மூட்டம் போட்டு மரத்தைப் பூக்க வைத்திருக்கிறார்கள். அசோரஸ் தீவுகளில் அன்னாசிக்கு அதே வைத்தியம். வாழைத்தாரைப் பழுக்க வைப்பது, மாமரத்தைப் பூக்க வைப்பது, நர்கிஸை எழுப்புவது எல்லாம் ஒரே பானையின் வேலை. ஜான்குவிலின் மொட்டைக் கொல்லும் என்று நான் பயந்த வாயு, அதன் அக்காள் மகளுக்கு அலாரம் அடித்திருக்கிறது.

இருந்தாலும் பூத்தது சூட்டினாலா புகையினாலா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த கோடையில் கிழங்குகள் பதினெட்டாகப் பெருகியிருந்தன. ஒன்பதைப் பரணில் மாட்டினேன், ஒன்பதை மாடிப்படிக்குக் கீழே, பழமும் புகையும் எட்டாத இடத்தில் வைத்தேன். பரணில் இருந்தவற்றில் எட்டு பூத்தன. படிக்குக் கீழே இருந்தவற்றில் ஐந்து, அதுவும் பத்து நாள் பிந்தி. பதினெட்டுக் கிழங்கை வைத்து அறிவியல் பேசக் கூடாது என்று தெரியும். பரண் படிக்கட்டைவிடச் சூடு, ஆகவே கேள்வியும் தீரவில்லை. இருந்தாலும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

புத்தகங்கள் இதை வசந்தப் பூ என்கின்றன. நமக்கு இளவேனில் சித்திரையும் வைகாசியும், அப்போது இது உறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இது முன்பனிப் பூ. சாமந்தி ஓய்ந்து, மல்லிகை விலை பொன் விலைக்குப் போகும் தை மாதத்தில் பூப்பதால் அதற்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது. முழு மரியாதை இல்லை. மல்லிகையில் இருக்கும் இண்டோல் என்ற பொருள் இதிலும் உண்டு. கொஞ்சமாக இருந்தால் மயக்கும் மணம், கூடினால் மாட்டுக் கொட்டகை. மூக்குக்கு மூக்கு வேறுபடும். என் மகன் தன் அறையில் வைக்க விடமாட்டான். தொடுத்துத் தலையில் வைக்கலாமா என்று நாத்தனார் கேட்டாள். வேண்டாம் என்றேன். தண்டின் கொழகொழப்பான பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், இதைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கு அது தொழில் நோயே. அந்தப் பால் மற்றப் பூக்களுக்கும் ஆகாது. ரோஜாவோடு ஒரே ஜாடியில் வைத்தால் ரோஜா மறுநாள் தலை சாயும். ஒரு நாள் தனித் தண்ணீரில் வைத்து வடியவிட்டுப் பிறகு சேர்க்கலாம், தண்டை மறுபடி வெட்டாமல்.

பக்கத்துக் காட்டில் நிலச்சம்பங்கி போட்டிருக்கும் அண்ணன் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தார். "கிலோ என்ன போகும்?" என்றார். மொத்தமே நூறு கிராம் தேறாது என்றேன். "யானையாவது தின்னாதா?" என்று அடுத்த கேள்வி. ராகி முற்றும் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் முழு இரவு தூங்குவதில்லை, அதனால் கேட்டார். யானை இன்னும் என் வேலிவரை வரவில்லை. முள்ளம்பன்றி வந்தது. சர்க்கரைவள்ளியைத் தோண்டித் தின்றுவிட்டு, ஒரு நர்கிஸைக் கிளறி, ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டுப் போயிருந்தது.

வளர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பூ முடிந்ததும் இலையை வெட்டாதீர்கள், அழகுக்காக முடிச்சும் போடாதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான சோறு அந்த இலையில்தான் வேகிறது. அது தானாக மஞ்சளாகும் வரை தண்ணீர் விட்டு, பிறகு நிறுத்தி, ஏப்ரல் கடைசியில் தோண்டி, நிழலில் உலர்த்தி, காற்றுப் போகும் பையில் மாட்டுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும். அடுப்புச் சாம்பல் நல்லது. வீட்டுக்குள் தண்ணீரில் வளர்த்தால் தண்டு நீண்டு சாயும். அதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீரில் நாலு முதல் ஆறு சதவீதம் வரை ஆல்கஹால் கலந்தால் செடி மூன்றில் ஒரு பங்கு குட்டையாக, நிமிர்ந்து நிற்குமாம், பூவுக்குக் குறை வராதாம். குடித்தால் நிமிர்ந்து நிற்கும் ஒரே உயிர் இதுவாகத்தான் இருக்கும். செய்து பார்க்க எனக்கு ஆசை. பூச்செடிக்கு என்று சொல்லி அந்தக் கடை வரிசையில் போய் நிற்க என் கணவர் மறுத்துவிட்டார்.

இந்தக் கோடையில் கிழங்குகள் இருபத்தாறு. வழக்கம்போலப் பதிமூன்றைப் பரணில் மாட்டிவிட்டு, பதிமூன்றைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் சேலம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பின்கட்டிலிருந்து நார்ப்புகை வந்துகொண்டிருந்தது. வாழைத்தார் வந்திருக்கிறது போலும் என்று எட்டிப் பார்த்தேன். பரண் ஆணியில் இரண்டு பைகள் தொங்கின.

"அத்தை, படிக்குக் கீழே இருந்த பை?"

"பாதியை உள்ளே வைத்துப் பாதியை வெளியே போட்டிருந்தாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து நானே கொண்டுவந்து மாட்டினேன். அதுவும் பூக்க வேண்டாமா?"

நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டேன். பரணில் இருபத்தாறு என்று எழுதினேன்.